ஒரு தாள் கூடுதல்

"எட்டு போட்டுக் குடுங்கண்ணே," என்று கையில் இருந்த தாளை என் போட்டோஸ்டாட் மெஷினின் மேல் வைக்கிறார் பெட்ரீசியா. மாணவர்கள் ஏழு பேர்தான். சனிக்கிழமை தவறாமல் காலை எட்டே முக்காலுக்கு வருவார், தவறாமல் ஒரு தாள் கூடுதலாக எடுப்பார். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "புதுசா யாராச்சும் வந்து நின்னா தாள் இல்லன்னு சொல்ல முடியுமா? பந்தியில இலை இல்லாம உக்கார வச்ச மாதிரி ஆயிரும்லா." பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அந்த எட்டாவது தாள் நாலாக மடிந்து அவருடைய கைப்பைக்குள் திரும்பிவிடும்.

மலேசியாவில், ஈப்போ பழைய நகரத்தில் என் அச்சுக்கடைக்கு மேல்மாடியில் ஒரு மொழிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கொரிய மொழி, ஜப்பானிய மொழி, ஜெர்மன் எல்லாம் உண்டு. சனிக்கிழமை காலையில் மட்டும் கடைசி அறையில் இத்தாலிய மொழி. அதற்கு ஆசிரியர் இந்த பெட்ரீசியா. வயது அறுபத்தொன்று. பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டம் இப்போது செம்பனைக் காடு, லயம் இருந்த இடத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இருபத்தொன்பது வயதில் கன்னியாஸ்திரிகள் சிலரோடு கிளம்பி இத்தாலியின் ஜெனோவா நகருக்குப் போனார். அவர்கள் நடத்திய முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் வேலை. அங்கே சோறூட்டி, குளிப்பாட்டி, கண்மூடியவர்களுக்குச் சட்டை மாட்டி, அந்த வேலையிலேயே மொழியையும் கற்றுக்கொண்டார்.

நெட்டை உருவம், வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து, வெயிலானாலும் கையில் குடை. கோயிலில் ஜெபம் தமிழில். அஞ்சடி நடைபாதையை அடைத்துக் கார் நிறுத்துகிறவனோடு சண்டை மலாயில். அரிசியைக் குவளையால் அளக்கும்போது மட்டும் வாய் தானாக இத்தாலிய எண்களை முணுமுணுக்கும். இத்தாலிக்காரர்களைப் போலவே பதினொரு மணிக்கு மேல் பால் கலந்த காப்பியைத் தொடமாட்டார். பால் காப்பிக்குப் பேர்போன ஈப்போவில் இருந்துகொண்டு இப்படி ஒரு விரதம்! பக்கத்துக் காப்பிக்கடைச் சீனர் இன்னமும் நம்பாமல் தலையாட்டுகிறார்.

எந்த மொழி வகுப்பிலும் முதல் பாடம் 'என் பெயர் இன்னது'. இவர் வகுப்பில் அது இரண்டாம் வாரம்தான். முதல் பாடம், "தோவே லே ஃபா மாலே?" எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். ஏழு பேரையும் தனித்தனியாகக் கேட்பார். அவரவர் முட்டியையோ முதுகையோ தொட்டுக்காட்டிப் பதில் சொல்ல வேண்டும். "பேரு தெரியாட்டி ஒருத்தரும் சாகமாட்டாங்க. வலி எங்கன்னு கேக்கத் தெரியாட்டிதான் கஷ்டம்லா."

என் கடைக்கு வருகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. "இத்தாலிக்காரன் மட்டும் பேசுற பாஷை, இங்க எதுக்கு?" என்று யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. பெட்ரீசியா குடையை மேசைமேல் வைத்துவிட்டு ஆரம்பிப்பார். "சுவிட்சர்லாந்து தெக்குப் பக்கம் என்ன பேசுறாங்க? வத்திக்கான்ல? சான் மரினோல? ஸ்லொவேனியா, குரோவேஷியா கடலோரத்துல சில ஊருல போர்டே ரெண்டு பாஷையில இருக்கு. அர்ஜென்டினாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிப் போனவங்க பேசுறாங்க. அவங்க பேரப்புள்ளைங்க இப்ப காசு கட்டிப் படிக்குதுங்க. மேடையில பாட்டுப் பாடுறவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் இதக் கத்துக்கிட்டுத்தான் ஆகணும்." கடைசியாக வருவதுதான் அவருடைய துருப்புச் சீட்டு. "நான் வேல செஞ்ச எடத்துல பதினொரு பேரு. ரெண்டு பேருதான் இத்தாலிக்காரங்க. எனக்கு மொத மொத சொல்லிக் குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? அல்பேனியாக்காரி. அவ அவங்க ஊருல டிவி பாத்தே படிச்சவ!"

கேட்டவர் வந்த வேலையை மறந்து நிற்பார். எனக்கு மட்டும் இதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கும். ஏனென்றால் மாடியில் ஒட்டியிருக்கிற போஸ்டரை அச்சடித்தவன் நான்தான்.

நிலையத்தை நடத்துகிறவன் சுபேசன். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், படித்த பிள்ளை, நல்ல மரியாதை. சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதால்தான் அவன் இவன் என்று எழுதுகிறேன். போன வருடம் இத்தாலிய வகுப்புக்குப் போஸ்டர் என்று ஒரு படம் கொண்டுவந்தான். பொன்னிற முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், நெஞ்சோடு புத்தகம் அணைத்துச் சிரிக்கிறாள். பின்னால் ஒரு சாய்ந்த கோபுரம்.

"பெட்ரீசியா படம் எங்கப்பா?"

"ஆன்டி நல்லா சொல்லித் தராங்க அங்கிள், நான் இல்லன்னு சொல்லல. ஆனா பாத்தவொடனே இத்தாலியன்னு தோணணும்லா. எல்லாம் மார்க்கெட்டிங்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன? நூறு பிரதி அடித்துத்தானே கொடுத்தேன்? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஊருக்கு வெள்ளை மையை ஊற்றிக் கொடுத்தது என் மெஷின்தான். அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். போஸ்டரைப் பார்த்துவிட்டு மாடியேறுகிறவர்கள் பெட்ரீசியாவிடமே வந்து, "டீச்சர் இன்னும் வரலியா?" என்று கேட்பார்கள். மழையில் நனைந்து வந்த ஓர் அம்மாள், காயப்போடச் சொல்லித் தன் குடையை இவர் கையில் திணித்தார். பெட்ரீசியா அதை விரித்து மூலையில் வைத்துவிட்டு, பலகைக்குத் திரும்பி எழுத ஆரம்பித்தார். அம்மாள் இரண்டு நிமிடம் விழித்துப் பார்த்துவிட்டு, ஈரக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

இதில் எனக்குத் தாங்கவே முடியாதது ஒன்று உண்டு. நிலையத்தின் வரவேற்பறையில், சரியாக அந்தப் போஸ்டருக்குப் பக்கத்தில், மாலை போட்ட படம் ஒன்று தொங்குகிறது. சுபேசனின் தாத்தா ஸ்கந்தராஜா. கோட்டு, டை, நெற்றியில் திருநீறு. தைப்பிங்கில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் கற்றுக் கொடுத்தவர். இந்த நாட்டில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் ஊட்டியது அவரைப் போன்ற கறுத்த முகங்கள்தான். ஒரு வெள்ளைக்காரனை முன்னால் நிறுத்திவிட்டு நீ பின்னால் உட்கார் என்று அவரிடம் சொல்ல எவனுக்குத் தைரியம் இருந்திருக்கும்? மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. இதைச் சுபேசனிடம் வாய்விட்டே கேட்டேன். "அது அந்தக் காலம் அங்கிள்," என்றான்.

இந்தக் காலம் என்ன செய்தது என்றும் பார்த்துவிட்டேன். தாதியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி நடத்துகிற கலாதேவி, இத்தாலிக்குப் போக இருபது பேருக்கு வகுப்பு தேடிக்கொண்டிருந்தார். நான்கு தாதியரோடு நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அவர்கள் முன்னால் ஆசிரியராக நிறுத்தச் சுபேசன் ஓர் ஆளைப் பிடித்துவிட்டான். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில் கயிறு கட்டி ஏற வந்த யூர்க் என்கிற சுவிஸ்காரர். பெட்ரீசியாவை என் கடை வாசலிலேயே நிறுத்திப் பேசினான்.

"ஒரே ஒரு நாள் ஆன்டி. கலாதேவி மேடம் பாத்துட்டுப் போற வரைக்கும். நீங்க பின்னால ஸ்டூடண்ட் மாதிரி உக்காந்தா போதும். இருபது பேரு கெடைச்சா கிளாஸ் ஓடும். இல்லன்னா அடுத்த மாசத்துலேருந்து அந்த ரூம கொரியனுக்குக் குடுத்துருவேன்."

"அவருக்கு இத்தாலி வருமா தம்பி?"

"சுவிஸ்ல அதுவும் ஒரு நேஷனல் லேங்குவேஜ்தானே ஆன்டி?"

"சுவிஸ்ல எந்தப் பக்கம்?"

"பக்கமெல்லாம் யாரு பாக்கப் போறா?"

பெட்ரீசியா கொஞ்ச நேரம் குடையின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றுவிட்டார். அவன் போனதும் நான் கத்தினேன். மானம் ரோசம் ஒன்றும் கிடையாதா என்றுகூடக் கேட்டுவிட்டேன். "கிளாஸ்ல இருக்கிற நர்சுப் புள்ளைக்கு ஜூன் மாசம் பரீட்ச, பத்துமலை அண்ணே. நடுவுல மூடிட்டா அது எங்க போகும்? பின்னால உக்காந்தா நான் என்ன கரைஞ்சா போயிருவேன்?" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் கரைந்துதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, "இன்னிக்குப் பன்னெண்டுண்ணே," என்றார். ஏழு, நாலு, கூடுதல் ஒன்று. எனக்கு மனசு கேட்கவில்லை. கடையைப் பாதி இழுத்துச் சாத்திவிட்டு, கையில் ஒரு கட்டு விளம்பரத் தாளோடு நானும் மாடியேறிக் கதவோரம் நின்றேன்.

யூர்க் முன்னால் நின்றார். வெயிலில் சிவந்த முகம், விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த காயம். வணக்கம் சொன்னார். இரண்டு வரி இத்தாலிய மொழியில் பேசினார். கலாதேவி தலையசைக்க, சுபேசன் கைப்பேசியில் படம் பிடித்தான். பெட்ரீசியா கடைசி வரிசையில், மடியில் கைப்பையும் அதன்மேல் பன்னிரண்டு தாளுமாக உட்கார்ந்திருந்தார். அப்போது வந்திருந்த தாதி ஒருத்தி கையைத் தூக்கி, எங்கே வலிக்கிறது என்று நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

யூர்க் கழுத்தைச் சொறிந்துகொண்டார். தான் ஜூரிக்காரன், வீட்டில் பேசுவது ஜெர்மன், இத்தாலியன் பள்ளியில் நாலு வருடம் படித்தது, சாப்பாடு கேட்கவும் ரயில் விசாரிக்கவும் மட்டும் வரும் என்று ஆங்கிலத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த மனிதரைக் குறை சொல்லமாட்டேன். அங்கே அன்று நேர்மையாக நடந்துகொண்ட முதல் ஆள் அவர்தான்.

கலாதேவி சுபேசன் பக்கம் திரும்பினார்.

"தோவே லே ஃபா மாலே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பழைய மாணவர்கள் ஏழு பேரும், பழக்க தோஷம், சட்டென்று திரும்பி முட்டியையும் முதுகையும் தொட்டுக்காட்டிப் பதில் சொன்னார்கள். பெட்ரீசியா உட்கார்ந்த இடத்திலேயே வாயை இறுக்கி மூடித் தலையைத் திருப்பிக்கொண்டார், சூப் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் கிழவரைப் போல. ஜூன் மாதம் பரீட்சை எழுதப்போகிற பெண் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டு, இத்தாலிய மொழியில் என்னென்னவோ சொல்லிக் கெஞ்சினாள். கிழவர் திட்டினார். பெண் விடவில்லை. கடைசியில் கிழவர் வாயைத் திறந்தார். வந்திருந்த தாதியர் நால்வரும் கைதட்டிவிட்டார்கள். கலாதேவி தன் நாற்காலியைத் தூக்கிப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அப்ப யாருதான் இங்க சொல்லித் தரது?" என்று சுபேசனைக் கேட்டார்.

சுபேசன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் திணித்தான். பெட்ரீசியா எழுந்தார். பின் வரிசையிலிருந்து, படிக்க வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளாகக் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்தார். பலகைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு தாள் மீதி இருந்தது. அதை யூர்க்கிடம் கொடுத்து, முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார்.