உள்ளே இருப்பவன் வாங்கிய பங்கு

யுத்த காலத்தில் நான் பாரிமுனைப் பக்கம் ஒரு நூல் மில்லின் ஆபீசில் குமாஸ்தா. யார் யாரிடமிருந்து எத்தனை பங்கு வாங்கினார்கள் என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம். ஊரார் அரசல்புரசலாகக் கேள்விப்படுவதை நான் மை காயுமுன் தெரிந்துகொள்கிறேன் என்ற நினைப்பு.

ஒருநாள் புதிதாக வந்த டைரக்டர் தன் பேரில் இருநூறு பங்கு வாங்கினார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சாந்தோமில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த என் மனைவி, மாம்பலத்தில் ஒரு மனைக்காகத் தபாலாபீசில் பணம் சேர்த்து வைத்திருந்தாள். "ஆறு மாசம் கொடு, மனையோட கிணறும் வெட்டிடலாம்" என்றேன். கொடுத்தாள். அத்தனைக்கும் எங்கள் மில் பங்கையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறிப் போய் அந்த மனையைப் பார்த்துவிட்டு வருவோம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, நாலு மூலைக்கல், ஒரு வேப்பங்கன்று. அடுப்படி எங்கே வரும் என்று அவள் காலால் கோடு போடுவாள்.

பங்கு விலை ஏறியது. மனைக்காரர் இனிக் காத்திருக்க முடியாது என்றார்.

"ஏறினது போதுங்க, வித்துடுங்க" என்றாள்.

விற்கத்தான் இருந்தேன். அந்த வாரம் பார்த்து ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி எங்கள் மில்லின் பங்குகளை ஆயிரக்கணக்கில் வாங்கியது.

"அவங்க என்ன முட்டாளா?" என்று கேட்டேன்.

"அவங்க ஊரார் பணத்துல வாங்குறாங்க. நீங்க என் பணத்துல வாங்கியிருக்கீங்க."

கோபப்பட்டேன். விற்கவில்லை. மனை வேறொருவருக்குப் போயிற்று.

யுத்தம் முடிந்தது. மில்லுக்கு வந்துகொண்டிருந்த பட்டாளத்து ஆர்டர் நின்றது. பங்கு நான் வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

குடுமி ஆடிய காரணம் அப்புறம்தான் தெரிந்தது. டைரக்டராகிறவர் இரண்டு மாதத்துக்குள் இருநூறு பங்காவது சொந்தமாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும் என்பது கம்பெனி விதி. அதை நினைவூட்டி அவருக்குப் போன கடிதத்தை டைப் அடித்தவனே நான்தான். டைப் அடிக்கும்போது நான் படிப்பதில்லை. படித்தால் வேகம் குறையும்.

இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி ஒருவர் ஒருநாள் ஆபீசுக்கு வந்தார். காப்பி வாங்கிக் கொடுத்து, ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"டைரக்டர் வாங்கினது பெரிசில்ல சார். பங்குப் பதிவேடு எழுதுற குமாஸ்தாவே வீட்டுப் பணத்தைப் போட்டிருக்கார்னு கேள்விப்பட்டோம். உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாததா?"

பதிவேடு எழுதுகிறவன் ஒருவன்தான். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அவங்க உங்களைப் பார்த்தாங்க. நீங்க அவங்களைப் பார்த்தீங்க. மில்லை யாருங்க பார்த்தது?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மில் கோயமுத்தூர்ப் பக்கம் இருந்தது. அங்கே நான் போனதே இல்லை. மனையைத்தான் வாராவாரம் போய்ப் பார்த்தோம்.