வேண்டாம் என்று இருபது விதமாக

டப்பிங் ஆட்கள் அவளைக் கண்ணீர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் மற்றவர்களுக்காக அழுதவள். சீரியலில் மருமகள் விம்மினால் அது அவள். சோப்பு விளம்பரத்தில் குழந்தையைக் கொஞ்சுகிற அம்மாவும் அவள்தான். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்வதும் அவள்தான். முகம் யாருக்கும் தெரியாது. காய்கறி வாங்கும்போது மட்டும், எங்கேயோ கேட்ட குரலாயிருக்கே என்று கடைக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்.

அந்த வேலைக்குக் காது மட்டும் போதாது. திரையில் அசைகிற உதட்டுக்குள் வார்த்தையைப் பொருத்த வேண்டும். பார்த்துப் பார்த்து, சத்தமே இல்லாமல் வாயசைவைப் படிக்க அவளுக்குப் பழகிவிட்டது. "எங்க அக்கா இருந்தா எதிர்ப்பக்கம் நின்னுகூட முணுமுணுக்க முடியாது" என்பான் தம்பி.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, முப்பது வயது, அதிர்ந்து பேசமாட்டான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணை நிச்சயம் செய்து, கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

அதற்கு நாலு மாதம் முன்பு நடந்ததை முதலில் சொல்லவேண்டும். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம். அங்கே சவுண்டு பார்க்கிறவரை எல்லோரும் மீட்டர் என்பார்கள். மனுஷன் ஆளைப் பார்க்கமாட்டார், சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள்ளைத்தான் பார்ப்பார். பதினோரு வருடப் பழக்கம். அன்றைக்கு மத்தியானம் அவர் படம் எதுவும் போடவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது.

"ஒரு வார்த்தைதாங்க்கா. வேண்டாம். இருபது விதமா சொல்லுங்க."

"எந்த சீன்?"

"சீன்லாம் இல்ல. சேத்து வச்சிக்கிறோம், அவசரத்துக்கு."

பயந்து சொன்னாள், சலித்துச் சொன்னாள், கெஞ்சிச் சொன்னாள். பத்துக்கு மேல் போனதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இனிமே கொஞ்சம் செல்லமா. கடைசில சிரிப்புல முடியட்டும்" என்றார். அவளுக்கு என்னவோ போலிருந்தது. யாருக்காகப் பேசுகிறோம் என்று தெரியாமல் அவள் பேசியதே இல்லை. ஆனாலும் சொன்னாள், சிரித்தாள், வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலை பத்து மணி. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரி மேலே பாட்டுக் கேட்கிற ப்ளூடூத் ஸ்பீக்கர். அது திடீரென்று கிர்ரென்றது. பிறகு அவளுடைய குரலிலேயே, "வேண்டாம்... ம்ஹூம், வேண்டாம்" என்றது. சிரித்தது. நாலு நொடி. பிறகு அடங்கிவிட்டது.

கத்தியைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அதோடுதான் தம்பியின் அறை வாசலில் போய் நின்றாள். அவன் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அது என்னது?"

"ஒண்ணுமில்லக்கா. தெரியாம கனெக்ட் ஆயிடுச்சு. நீ போ."

"அது என் குரல்டா."

"உளறாதக்கா."

வாசலில் நின்றபடியே அவள் அந்த 'வேண்டாம்' சொல்லிக் காட்டினாள். அதே இழுப்பு, அதே சிரிப்பு. அவன் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரோடு ஒட்டி நின்றான்.

அவன் போனைக் கொடுக்கும்வரை அவள் நகரவில்லை. சத்தத்தை அணைத்தாள். கையால் திரையின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு, படத்தில் இருந்த பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காதில் தோடு இல்லை. உதடு தெளிவாக அசைந்தது. 'கேமராவ அணை. சொன்னேன்ல. அணை.' கொஞ்ச நேரம் கழித்து, 'எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா செத்துருவேன்.' பிறகு முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. வாய் தெரியாத அந்த இடத்தில்தான் அவளுடைய சிரிப்பை ஒட்டியிருந்தார்கள்.

தம்பியிடம் சொன்னாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"எல்லாம் நடிப்புன்னு நெனச்சேன்க்கா. சிரிக்கிறாளே."

"வேண்டாம்னு சொன்னாளே, அது காதுல விழலயா?"

"அது... சும்மா சொல்றதுன்னு. அப்படித்தானே எல்லாரும்..."

"எல்லாரும்னா யாரு?"

ஐந்து வாரத்தில் ஒரு பெண் இந்த அறைக்கு வரப்போகிறாள்.

மறுநாள் மூன்று மாடி ஏறினாள். மீட்டர் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒரிஜினல் சத்தத்தோட போட்டா பாதியிலயே மூடிடுறாங்கக்கா. மனசு கேக்காதுல்ல? அவ சிரிச்சிட்டா நிம்மதியா பாப்பாங்க."

"அந்தப் பொண்ணு யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? ஃபைல் வரும், பழைய சத்தத்தத் துடைச்சி உங்க குரல ஒட்டுவேன், அனுப்புவேன். உங்க பேரு எங்கயும் வராது, பயப்படாதீங்க."

"இந்த ஒரு படம்தானா?"

அவர் முள்ளைப் பார்த்தார். "நாலு" என்றார்.

நாலு பெண்களுக்கும் அவள் ஒரே குரல். மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். படத்தில் இருப்பவர்கள் வந்தால்தான் வழக்கு வலுவாகும் என்றார். "குரல் உங்களோடது. நீங்க எழுதிக் குடுங்க, பாக்கலாம்." அவள் அங்கேயே உட்கார்ந்து, போலீசார் தேடி எடுத்த நாலு படத்துக்கும் டப்பிங் தாள் போல எழுதினாள். இத்தனாவது நொடியில் உதடு சொல்வது இது, காதில் கேட்பது இது. நாலாவது தாள் எழுதும்போது கை மரத்துப்போனது.

மூன்றாம் நாள் ஒலிப்பதிவுக் கூடம் பூட்டிக் கிடந்தது. மீட்டரின் போன் அணைந்திருந்தது. வாரம் முடிவதற்குள் அவளுக்கு வந்துகொண்டிருந்த வேலையும் நின்றது. நல்லா பழகினவரையே மாட்டிவிட்டவள் என்று பேச்சு. பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். மூச்சு கேட்கும், பிறகு அவளுடைய சிரிப்பையே அவளுக்குப் போட்டுக்காட்டுவார்கள். ஒரே நாளில் ஏழு தடவை. எண்ணை மாற்றினாள். புது எண்ணுக்கும் வந்தது.

தம்பியிடம் ஒன்றுதான் சொன்னாள். "கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட நீயா சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்." அவன் சொன்னான். எப்படிச் சொன்னானோ தெரியாது. அந்தப் பெண் மறுநாளே வேலைக் கோட்டோடு வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க எழுதினத நான் படிக்கலாமா?"

நகலை நின்றுகொண்டே படித்தாள். முதல் தாளைத் திரும்பவும் படித்தாள்.

"இதப் பாத்துட்டுத்தான் தினமும் எனக்கு போன் பண்ணி சாப்டியான்னு கேட்டாரா?"

கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். எவ்வளவு நாளைக்கு என்று அந்தப் பெண் சொல்லவில்லை. தம்பி அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு போய் அறையில் சாப்பிட்டான். அக்காவோடு பேச்சு இல்லை.

இரண்டு மாதம் கழித்து அதிகாரி கூப்பிட்டார். தம்பி ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான், வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே அதிகாரி, "அந்தத் தோடு இல்லாத பொண்ணு வந்துட்டாங்க. உங்க தாளப் படிச்சிட்டு, நான் சொன்னது இதுதான்னு கையெழுத்துப் போட்டாங்க" என்றார். கண்ணீர் அக்காவுக்கு அன்றைக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"இன்னொன்னு இருக்கு. புதுசு" என்று கணினியைத் திருப்பினார் அதிகாரி.

குரல் அவளுடையதுதான். ஆனால் அது பேசிக்கொண்டே போனது. அவள் வாழ்நாளில் சொல்லாத வார்த்தைகள், கூப்பிடாத பெயர்கள்.

"இத நான் பேசல மேடம்."

"உங்க குரல்தானே?"

"என் குரல்தான். நான் பேசல. இவ்வளவு வருஷம் நான் பேசினத எல்லாம் மெஷினுக்குக் குடுத்து, அதையே என் குரல்ல பேச வச்சிருக்காங்க."

அதிகாரி அவளையே பார்த்தார். நம்புகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. "சரி, அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு எழுதுங்க" என்று வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

சத்தத்தை அணைத்துவிட்டு முதலிலிருந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். இந்தத் தடவை படம் எடுத்தவர்கள் கவனமாக இருந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் கடைசி வரைக்கும் ஒரு துணிக்குள்ளேயே இருந்தது. துணி மட்டும், வாய் இருக்கவேண்டிய இடத்தில், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

'ஏதோ சொல்கிறாள். தெரியவில்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.