வெறுமையாக விட்ட கட்டம்

பிரேமினிக்குக் கோபமே வராது. ஹட்டனில் ஒரு மாடியறை ஆபீசில் மூன்று வருடம் அவளோடு வேலை செய்தேன். ஒருநாள்கூட அவள் குரல் உயர்ந்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்திக்கொண்டிருப்பேன். றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் பிறந்தவள். உயர்தரத்தில் கணிதம் எடுத்து, பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கெம்பஸ், கிடைக்காமல், கொம்பியூட்டர் படித்தாள். அந்த லயத்தில் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவள் வாயில் வருவதெல்லாம் அங்கே வேதவாக்கு. அதுதான் வினையாகப் போயிற்று.

2006ஆம் வருடம். தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. நாங்கள் நாலு பெண்கள் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து விவரங்களைத் தட்டுவோம். பிரேமினியின் புரோகிராம் அதிலிருந்து விண்ணப்பங்களை அச்சடிக்கும். தோட்டத்து மனேஜர் துரை கையெழுத்துப் போட்டால் படத்தோடு கொழும்புக்குப் போகும். யுத்தம் மறுபடி சூடு பிடித்திருந்த நேரம். தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு அட்டையில்லாமல் கொழும்பில் நடந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கட்டிலும் நாலைந்து சான்றிதழிலாவது தகப்பன் பெயருக்குப் பதில் ஒரு கோடு இருக்கும். எங்கள் பக்கம் கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது. ஒரு நாள் பேரை, அன்றைய கூலியை, விட்டுவிட்டுப் பதிவுக்கு யார் போவார்? பதியாவிட்டால் பிள்ளையின் சான்றிதழில் கோடு விழும். நான் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று தட்டப் போனேன். பிரேமினி என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அப்படிப் போடாதீங்கக்கா. அப்பன் இல்லாத புள்ளைங்களா அதுங்க? ஒரே காம்பராவுலதான இருக்காங்க. சும்மா வெறுமையா விட்ருங்க."

விட்டோம். நல்ல மனசு சொன்ன பேச்சு. அதில் இன்றைக்கும் நான் குறை காணமாட்டேன்.

கேடு அடுத்த படியில் இருந்தது. டேட்டாபேசில் ஒரு ஆளின் விவரமெல்லாம் ஒரே கட்டத்தில் ஓர் அடைப்புக்குறிக்குள் கிடக்கும்: பெயர், தகப்பன், பிறந்த திகதி, லயம், காம்பரா. இடையிடையே காற்புள்ளி. புரோகிராம் கைக்கு வரும்போது அது வெறும் எழுத்துக் கோவை. அதை வெட்டி, இது பெயர், இது திகதி என்று அதனதன் இடத்தில் உட்கார வைத்தால்தான் புரோகிராமுக்கு அவன் ஒரு ஆள். ‘ஒப்ஜெக்ட்’ என்பாள் பிரேமினி. அவள் காற்புள்ளிகளில் வெட்டினாள். வெட்டிய கையோடு, வெறுமையாக இருந்த துண்டுகளைக் குப்பை என்று எறிந்துவிட்டாள். தகப்பன் பெயர் இல்லாதவர்களுக்கு மிச்சமெல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்தது. பிறந்த திகதி தகப்பன் இடத்தில். லயத்து நம்பர் திகதி இடத்தில். நாலாம் நம்பர் லயம் எப்படி ஐயா பிறந்த திகதியாகும்? புரோகிராம் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போயிற்று. நாசமாய்ப் போனது ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா! கடைசியில் ‘முடிந்தது’ என்று மட்டும் காட்டியது.

பிரேமினி வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் வேலாயி. அவருடைய ஒரே மகன் அழகன், பத்தொன்பது வயது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் அவனுக்கு வேலை தயாராக இருந்தது. அட்டைக்காகத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிரேமினி வீட்டில் இருந்தபோது வேலாயி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, மொதலாளி இனி காத்திருக்க முடியாதுங்கிறாராம். அட்ட வராம இவன அனுப்ப பயமா இருக்கு. இவன் பேரு போயிருச்சா?"

"எல்லாம் போயிருச்சு அத்தை. இந்த மாசம் வந்துரும். தைரியமா போகச் சொல்லுங்க."

அவள் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. ‘முடிந்தது’ என்று வந்ததே, அது போதும் என்று நினைத்துவிட்டாள். பக்கத்திலிருந்த நானும் தலையாட்டினேன், புத்திகெட்டவள்.

அழகன் போன பதினேழாம் நாள், ஒரு சோதனைச் சாவடியில் அவனை பஸ்ஸிலிருந்து இறக்கினார்களாம். கூட வந்த கடைப்பையன் அட்டையைக் காட்டித் தப்பினான். அழகனைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவன் அப்பா பொன்னையா கொழும்புக்குப் போய்ப் பொலிஸ் பொலிசாக ஏறி இறங்கினார். எங்கேயும் அப்படி ஒருவன் இல்லை என்றார்கள்.

செய்தி வந்த அன்றைக்கே பிரேமினி பட்டியலைத் தேடினாள். அழகன் இல்லை. அறுபத்தொரு பேர் இல்லை. அத்தனை பேருக்கும் தகப்பன் கட்டம் வெறுமை. திருத்த அவளுக்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. குப்பையை எறியச் சொன்ன ஒற்றை வரியை அழித்தாள், அவ்வளவுதான். மறுபடி ஓட்டியதும் திரையில் அழகன் வந்தான்: திகதி திகதியில், லயம் லயத்தில், தகப்பன் கட்டம் வெறுமையாக. எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அறுபத்தொரு அட்டையும் வந்துவிட்டது. அழகனுடையதை நான் கொடுக்கிறேன் என்றேன், பிரேமினி விடவில்லை. தானே எடுத்துக்கொண்டு வேலாயி முன்னால் போய் நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தலைமுடி பிய்யும் என்று நான் பயந்தேன். வேலாயி திட்டவில்லை. அட்டையிலிருந்த படத்தை முந்தானையால் துடைத்தார். பிறகு அதை பிரேமினி கையிலேயே திருப்பி வைத்தார்.

"இத எங்கிட்ட எதுக்குக் குடுக்குற தாயி? நீதான போகச் சொன்ன. கொண்டுபோய் அவன்கிட்டயே குடு."

பிரேமினி அடுத்த நாள் காலை ரயிலில் கொழும்புக்குப் போனாள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஒன்பது முறை போய்வந்தாள். அட்டையை வாங்கிக்கொள்ள ஆளில்லை.