ஷெர்லி கலைத்துப் போட்ட எழுத்துகள்

விசைத்தறிக் கூடத்தில் பேச்சு முழுதாகக் காதுக்கு வந்து சேராது. தறிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும்போது எதிரில் நிற்பவர் சொல்வதில் பாதி சத்தத்தில் போய்விடும். மீதியை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் சங்கரன்கோவிலில் தறிக்கு வந்துவிட்ட ஷெர்லிக்கு இது மூச்சு விடுவதுபோல. அடுத்த வரிசை ஆறுமுகச்சாமி "தா" என்று வாயைத் திறந்தாலே தார்க்குச்சி கேட்கிறார் என்று தெரிந்துவிடும். ஊடை நூல் சுற்றிய அந்தக் குச்சி தீர்ந்தால் தறி நின்றுவிடும்.

ஒருமுறை வெளியூர் அதிகாரி ஒருவர் வந்து, அதே சத்தத்தில் ஏதோ கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை. வாசலுக்கு வந்து நிதானமாகக் கேட்டார். அப்போதும் விளங்கவில்லை. அது அவர்கள் கேள்விப்படாத சொல். ஷெர்லி அதை மறக்கவில்லை.

ஷெர்லியின் மகள் பெர்லின் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு. போன மாதம் அங்கே சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். மூளைத் திறனை அளக்கிறாராம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள். அதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இடத்தில் இருக்க, நடு எழுத்துகள் குலைந்து கிடக்கும் சொற்கள். சரசரவென்று படித்தால் கூர்மையான மூளை, திணறினால் மந்தம். மந்தப் பிள்ளைகளின் பெயர்களை வகுப்பு நடுவே வாசித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை முதல் அவர்களுக்கு மாடியில் தனி அறை. பெர்லினுக்கும்.

"எம்மா, எனக்கு மூள கம்மியா?" என்று அன்று சாயங்காலம் பெர்லின் கேட்டாள்.

இந்த நாட்டில் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பது புதிதல்ல. முன்பு பிறப்பைச் சொல்லிப் பிரித்தார்கள். இப்போது அறிவியலின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பிரிக்கிறார்கள்.

ஷெர்லி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "பறுசனிக்ச்கு" என்றிருந்தது. அவருக்கும் ஓடவில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகு வந்தது: பனிச்சறுக்கு. தறிக்கூடத்து வாசலில் நின்ற அந்த அதிகாரி ஞாபகத்துக்கு வந்தார்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகளும் இருந்தார்கள். பயிற்சியாளர் பேசி முடித்ததும் ஷெர்லி எழுந்தார்.

"சார், ஒரு சந்தேகம். போர்டுல ரெண்டு வார்த்தை எழுதுதேன்."

"ஏட்டி, நமக்கு எதுக்கு போர்டு? வந்து உக்காரு," என்றார் பின்னால் இருந்த ஆறுமுகச்சாமி. மாடிக்குப் போகவேண்டிய பிள்ளைகளில் அவர் மகனும் உண்டு.

"நீரு சும்மா இரும் அண்ணாச்சி. ஒம்ம மவனுக்கும் சேத்துத்தான் நிக்கேன்."

"ஆதபடித்சு" என்று எழுதினார். "இதப் படிங்க சார்," என்றார் பயிற்சியாளரிடம்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "ஆத... இது தமிழ்தானா மேடம்?"

"ஆடித்தபசுல்லா!" தலைமையாசிரியர் நெல்லைநாயகம் தன்னை மறந்து சொல்லிவிட்டார். ஊரே கூடுகிற திருவிழா; சங்கரன்கோவில்காரர் கண்ணுக்கு அது தப்புமா? அரங்கம் சிரித்தது.

அடுத்து "தாகுர்ச்க்சி". இப்போது தலைமையாசிரியர் முழித்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்: "தார்க்குச்சி!" முதலில் கேட்டது பெர்லினின் குரல்.

"இந்த சாருக்கு மூள மந்தம்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் ஷெர்லி. "அவருக்கு நம்ம ஊர்த் திருநா தெரியாது, அம்புட்டுத்தான். எம்புள்ள பனியில சறுக்குததை எங்கன கண்டா? இங்க மழையே எட்டிப் பாத்துட்டுப் போவுது. தெரிஞ்ச வார்த்தையத்தான் சார் மூள நேராக்கும். தெரியாதத எப்படி நேராக்கும்?"

"இது உலகம் முழுக்க நடத்துற டெஸ்ட் மேடம்."

"நடத்துங்க. அந்த ஒலகத்துல நாங்களும் இருக்கோம்லா?"

ஷெர்லி சொன்னது முழு உண்மை. பழகிய சொல்லின் உருவத்தை மூளை உள்ளே வைத்திருக்கிறது. குலைந்து வருவதை அதோடு பொருத்திப் படித்துவிடுகிறது. உள்ளே உருவமே இல்லையென்றால் எதோடு பொருத்தும்? மூளையை அளக்க வந்தவர் வீட்டுப் புத்தக அலமாரியை அளந்திருக்கிறார்.

நெல்லைநாயகம் குரலைத் தணித்தார். "சரிம்மா, கூட்டம் முடிஞ்சு ஆபீசுக்கு வா. ஒம் புள்ள பேர எடுத்துருதேன்."

"எம்புள்ள பேரு மட்டுமா? அத்தன பேரையும் எல்லார் முன்னாலயும் வாசிச்சீங்கல்லா? எல்லார் முன்னாலயும் எடுங்க சார்."

நெல்லைநாயகமும் இந்த ஊர்க்காரர்தான். போர்டில் இருந்த இரண்டு சொற்களையும் பார்த்தார்; ஒன்று தான் படித்தது, மற்றது படிக்க முடியாதது. பிறகு மைக்கை வாங்கி, தனி அறை கிடையாது என்றார். ஒவ்வொரு பெயராக வாசித்து, அவரவர் வகுப்பிலேயே தொடரலாம் என்றார்.

யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. பெயர் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தானாக எழுந்து நின்றது. பெர்லின் விறைப்பாக, அணிவகுப்பில் நிற்பவள்போல நின்றாள். ஷெர்லி போர்டை விட்டு நகரவில்லை. கடைசிப் பெயர் வரும்வரை சாக்பீசைக் கையிலேயே வைத்திருந்தார்.