டான்சில் எடுத்த வீட்டில் மிளகு ரசம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு... வீட்டுக்காரருக்கு டான்சில் ஆபரேஷன்!

அது சின்னப் பிள்ளைகளுக்குத்தானே என்கிறீர்களா? இவர் நாற்பதைத் தாண்டிய கணக்கு வாத்தியார். மாசம் தவறாமல் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் படுப்பார். எடுத்துவிடலாம் என்றார் புதுக்கோட்டை டாக்டர். பெரியவர்களுக்கு வலி கூடுதல், காதுவரை இழுக்கும், ஆறும்போது தொண்டையில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும், அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ரத்தம் வந்தால் மட்டும் உடனே ஓடி வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்னதை நான் வாங்கி வந்தால் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆறிய கஞ்சி, குளிர்ந்த தண்ணீர், ஐஸ்கிரீம் — ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் தம்பியைப் பார்க்கக் கீரமங்கலத்திலிருந்து அவருடைய அக்கா பஸ் ஏறி வந்தார்.

"தொண்டையில ஆபரேசன் பண்ணவனுக்கு ஐஸ்கிரீமா? ஒனக்கு யாரும்மா சொன்னது?"

"டாக்டர்தாங்க அண்ணி."

"அவரு சொல்லுவாரு. சளி கட்டுனா நாமதானே பாக்கணும்."

நான் குளித்துவிட்டு வருவதற்குள் மிளகு ரசம் கொதித்து, சுடச்சுட அவர் கைக்குப் போய், டம்ளரில் பாதி காலி. அக்கா கொடுத்ததை வேண்டாமென்று சொல்லிப் பழகாத தம்பி! "சூடு ஆகாதுங்க அண்ணி" என்று மட்டும்தான் சொன்னேன். சொன்ன தோரணையில் அண்ணியின் முகம் சுண்டிவிட்டது.

மத்தியானம் ஒன்றைக் கவனித்தேன். ஒரு வாய் தண்ணீர் விழுங்கவே கண் கலங்குகிறவர், சும்மா உட்கார்ந்து விழுங்கிக்கொண்டே இருக்கிறார். எதை? கேட்டால் ஒன்றுமில்லை என்று தலையாட்டுகிறார். வாஷ்பேசினுக்குப் போனதும் முதலில் குழாயைத் திறக்கிறார். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். ரத்தம்.

ஆட்டோ பிடித்தோம். அண்ணியும் ஏறிக்கொண்டு, வழியெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வந்தார். நானோ, ரசத்தைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியதை வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டு வந்தேன்.

ரத்தத்தை நிறுத்திவிட்டு டாக்டர் வெளியே வந்தார். அண்ணி காதில் விழும்படி கேட்டேன். "சூடா ரசம் குடிச்சதுதானே சார் காரணம்?"

"சூடு வேண்டாம்தான். ஆனா அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. பொருக்கு உதிர்ற சமயத்துல சிலருக்குச் சும்மாவே வரும். இவர் மறைச்சாரு பாருங்க, அதுதான் ஆபத்து. முழுங்கிக்கிட்டே இருந்தா எவ்வளவு போச்சுன்னே தெரியாது."

அடுக்கி வைத்ததெல்லாம் வீணாகிப் போனது.

உள்ளே போனோம். அண்ணிதான் கேட்டார். "எதுக்குப்பா மறைச்ச? அக்கா சங்கடப்படுவேன்னா?"

இல்லை என்று தலையாட்டினார். மெல்ல விரலைத் தூக்கி என்னைக் காட்டினார்.

அண்ணி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் அக்காவை நான் சும்மா விடமாட்டேன் என்று, மனுஷர் அதை விழுங்கியே சமாளித்திருக்கிறார். எனக்குத்தான் ரொம்பவும் வலித்தது.

இப்போது நன்றாகத் தேறிவிட்டார், மசித்த இட்லி இறங்குகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால் ஒன்று சொல்வேன்: ஒரு சொட்டு ரத்தம் என்றாலும் முதலில் ஆஸ்பத்திரி. யாரால் வந்தது என்ற பஞ்சாயத்தே வேண்டாம்.

அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியது அவரிடம்தான். கடைப்பிடிப்பது நான்!