ஆள் பத்தாத பள்ளிக்கூடம்

எனக்காக அம்மா பேசுவது புதிதல்ல. கிளினிக்கில் பேசுவார், வங்கியில் பேசுவார், சாலையோர ஒட்டுக்கடையில் எனக்குச் சாப்பிட என்ன வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். ஆனால் அந்தச் சனிக்கிழமை ஈப்போவிலிருந்து ஒரு பெண் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இந்த ஒரு தடவையாவது நானே பேசிவிட வேண்டும் என்று இருந்தேன். அவர் உளவியல் படிக்கிறவர். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று அவர்களையே கேட்டு ஆராய்ச்சி எழுதுகிறார். ஆட்டிசம் எனக்கு. பள்ளிக்கூடம் போனதும் நான்தான்.

அம்மா கண்ணாடி அலமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்தார், உருளைக்கிழங்கு வைத்துக் கறிபாப் பொரித்தார். வந்தவர் கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து, ஆரம்பப் பள்ளி எப்படி இருந்தது என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டார்.

"அது சரியா பேசாதும்மா. நீங்க என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்."

வந்தவர் சங்கடமாகச் சிரித்தார். இதுவரை போன வீடுகளிலும் பெரும்பாலும் அம்மாக்கள்தான் பேசினார்களாம். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணைத் தவிர எல்லாரும் பேசுவது மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வார்த்தை வராது, அதுதான் என் தலைவிதி. நாற்காலி மெத்தையுறையின் ஸிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. பட்டணத்துப் பெரிய பள்ளியில், இந்தப் பிள்ளையைப் பார்க்க எங்களால் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை எங்கள் வீட்டுக்கு வந்து, "பிள்ளையை எங்ககிட்ட குடுங்க" என்றார். அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்தது. தொழிலாளர்கள் இருந்த லய வீடுகளில் யாரும் இல்லை. பள்ளி மட்டும் இருந்தது. பிள்ளைகள் வேனில்தான் வந்தார்கள்.

காலையில் எல்லாரும் எழுந்து நின்று "வணக்கம் ஆசிரியர்" என்று இழுத்துப் பாடுவது என் காதுக்குள் ஆணி அடிக்கும். ஆசிரியை என்னை முதலிலேயே வாசல் பக்கம் அனுப்பிவிடுவார். பாட்டு ஓய்ந்ததும் உள்ளே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் வணக்கம் சொல்வேன். மேசைக்கு அடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் யாரும் இழுத்து வெளியே போடவில்லை.

"தெய்வம் மாதிரி டீச்சருங்கம்மா. நல்ல மனசு" என்று அம்மா முடித்தார்.

"நல்ல மனசு இல்ல. அங்க ஆள் பத்தல" என்றேன் நான்.

நானே எதிர்பார்க்கவில்லை. அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். விருந்தாளிக்கு முன்னால் எங்கள் வீட்டில் இதுதான் பேச்சை நிறுத்தும் பொத்தான்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும். இப்படியா பேசுறது?"

நினைக்கத்தான் செய்கிறேன். உள்ளபடி நினைக்கிறேன், அவ்வளவுதான். இன்னும் சில பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பயம் அங்கே எல்லாருக்கும் இருந்தது. ஆசிரியைகள் அதைப் பேசும்போது நான் மேசைக்கு அடியில்தானே இருந்தேன். எனக்கு விளங்காது என்று நினைத்து என் முன்னால் எல்லாவற்றையும் பேசுவார்கள். வந்தவரிடம் அதையும் சொல்லிவிட்டேன்.

"அது தெரிஞ்சப்ப உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று வந்தவர் கேட்டார். இந்தத் தடவை அம்மா வாயைத் திறக்கவில்லை.

"இல்ல லா" என்றேன். "எனக்குக் காய்ச்சல்னா வேன் அண்ணே வீட்டு கேட் முன்னாடி நின்னு ஹாரன் அடிப்பாரு. அம்மா வந்து சொன்னாத்தான் போவாரு. ஒரு ஆள் வரலன்னாலும் அங்க தெரியும்."

இடைநிலைப்பள்ளியில் தெரியவில்லை. அங்கே சாய்தளம் இருந்தது, சிறப்பு வகுப்பு இருந்தது, சுவரில் அழகான வாசகங்கள் இருந்தன. எனக்கு அல்ஜீப்ரா தெரியும், வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள். சில நாள் நான் போகாமலே இருந்து பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அந்த ஆசிரியர்களும் கெட்டவர்கள் இல்லை. இரக்கப்படுகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் அலுத்துப்போகும், அது மனித சுபாவம். தேவைப்படுகிறவர்களுக்கு அலுப்பதில்லை. அதனால்தான் எனக்கு நல்ல மனசுகளின்மேல் கொஞ்சம் சந்தேகம். இதையெல்லாம் திக்கித் திணறி, சுவரைப் பார்த்தபடி சொன்னேன். வந்தவர் அவசரப்படுத்தாமல் கேட்டார்.

கடைசியாக, நல்ல பள்ளி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்.

"ஆள் பத்தாம இருக்கணும். நான் போனாத்தான் கணக்கு சரியா வரணும்."

அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பதிவு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் குரல் அந்தக் கைப்பேசிக்குள் போய்விட்டது.

அவரை அனுப்பிவிட்டு வந்த அம்மா முகம் கொடுக்கவில்லை. கோப்பைகளைச் சத்தமாகக் கழுவினார், என் காதுக்கு ஆகாது என்று தெரிந்தும். அப்பா போன பிறகு, அண்ணன் சிங்கப்பூருக்குப் போன பிறகு, கோபித்துக்கொள்ளக்கூட அவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. அந்தக் கோப்பைகளை அலமாரியின் மேல்தட்டில் வைக்க அவருக்கு எட்டாது. எப்போதும் நான்தான் வைப்பேன். அன்று கூப்பிடுவாரா என்று தெரியாமல் கூடத்திலேயே நின்றேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வா" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல். "இந்த வீட்டுலயும் ஆள் பத்தலதான்."