மந்திரி, குதிரைக்காரன், மேனேஜர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் செம்பனைத் தோட்ட ஆபீஸ் ஒன்றில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமை குமாஸ்தா. அங்கே ஃபைல் கட்டும் முறை ஒன்றுதான். பழைய தாள் அடியில் இருக்கும், புதியது மேலே வரும்.

புதிதாக வந்த இளம் மேனேஜர் ஏழு பாகம் கொண்ட மாயாஜால நாவல் வரவழைத்தார். பார்சலைப் பிரித்து அலமாரியில் அடுக்கச் சொன்னார். கைப்பழக்கத்தில் முதல் பாகத்தை அடியில் வைத்து, ஏழாவதை மேலே வைத்தேன். அட்டையில் டிராகன் பெரிதாக இருந்தது, எண் எறும்பு அளவுதான். மனிதர் மேலே இருந்ததை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். ஒன்றும் புரியவில்லை. அதனாலேயே அதை உயர்ந்த இலக்கியம் என்று நம்பிவிட்டார்.

அந்தப் பாகத்தில் கிழட்டு மந்திரி ஒருவன் எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான். மறுநாள் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்கள் எல்லோரும் கூடி நிற்க, மேனேஜர் என்னையே பார்த்துச் சொன்னார்: "வயசானவங்கள நம்பி சாவி குடுக்கக் கூடாதுலா." உர ஸ்டோர் சாவி என் கையை விட்டுப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் திறக்க முடியாது. ஓய்வு வயது நெருங்கிவிட்டது, மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். வேலை நீட்டிப்புக்கான என் விண்ணப்பம் அவர் மேசையில்தான் கிடந்தது.

சின்ன கிராணி கலா அந்தக் கதை முழுவதையும் படித்தவள். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவரு கடைசி புக்க முதல்ல படிச்சிட்டாரு. கதவ தொறக்கச் சொன்னதே ராஜாதான். எதிரிய உள்ள விட்டுப் பிடிக்க ரெண்டு பேரும் போட்ட பிளான். அது அஞ்சாவதுலதான் வரும்."

அன்று மாலையே ஐந்தாவதை எடுத்து மேலே வைத்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் கண் கலங்கி வந்தார். "கிராணி, உங்கள தப்பா நெனச்சிட்டேன்."

எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாவி வந்தது. நீட்டிப்பிலும் கையெழுத்து விழுந்தது.

பிறகு ஆறாவதைத் தொட்டார். அதில் குதிரைக்காரன் ராஜாவுக்கு விஷம் வைக்கிறானாம். டிரைவர் சேகர் என்னிடம் ஓடி வந்தான். "அண்ணே, நான் வாங்கிட்டு வர்ற தேத்தண்ணிய சார் தொடவே மாட்டேங்கிறாரு. நான் என்ன பண்ணேன்?"

"பொறுலா. இன்னும் நாலு புக்கு இருக்கு."

வேலைக்கு வரும் பிள்ளைகளே, மேலதிகாரி முறைத்தால் உடனே உங்கள் மேல் தப்பு தேடாதீர்கள். அவர் எந்தப் பாகத்தில் இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

வருடம் முடிந்தது, மகளும் படித்து முடித்தாள். மேனேஜர் கூப்பிட்டார். "இன்னும் ஒரு வருஷம் இருங்க கிராணி. அப்புறம், இதையும் கொஞ்சம் அடுக்கிடுங்க."

மேசையில் புதுப் பார்சல் ஒன்று இருந்தது. ஒன்பது பாகம்.

இந்த முறை முதல் பாகத்தை மேலே வைத்தேன். அதன்மேல் ஸ்டோர் சாவியை வைத்தேன். "ராசா டவுன்ல வீடு பாத்தாச்சு சார், நான் ஓய்வுல போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.